மூளைக் கட்டியும் நுரையீரலும்

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. பெரிய ஆபத்து ஒரு சிறிய இழப்போடு தீர்ந்துவிட்டது என்பது அதன் கருத்து. மூளையில் தோன்றும் கட்டிகளைப் பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே எண்ணி வந்தது. தலையில் தோன்றும் கட்டி தலைக்குள்ளேயே வளரும். அங்கேயே கேடு விளைவிக்கும். ஆனால் மண்டையோட்டைக் கடந்து உடலின் வேறு உறுப்புகளுக்குச் செல்லாது என்பது மாணவனாக நான் மனப்பாடம் செய்த பாடம். அந்தப் பாடம் பெரும்பாலும் உண்மை. ஆயினும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கும் ‘எப்பொழுதும்’ என்ற சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஒரு மனிதரின் உயிர் அகப்பட்டுக்கொள்ளக்கூடும். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் நோயியல் துறையைச் சேர்ந்தவன். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது என் வேலை அன்று. நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பெறும் துணுக்குகள் என் மேசைக்கு வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்து, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் வழியே பார்த்து, இஃது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பதே என் தொழில். நோயாளியின் முகத்தைக் காணும் வாய்ப்பு எங்களுக்கு அரிது. ஒரு முறை அந்த வாய்ப்புக் கிட்டியது. எனக்குப் பாடம் புகட்டுவதற்கென்றே அது கிட்டியது போலும்.

அந்த அம்மையார் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியின் ஆசிரியை. ஓயாத வறட்டு இருமல் அவரை வருத்தியது. மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது, நுரையீரலில் மூன்று வட்டமான நிழல்கள் தென்பட்டன. நம் நாட்டில் இத்தகைய நிழலைக் கண்டால் முதலில் காசநோயை நினைப்பது வழக்கம். அது தவறும் அன்று. சளியில் காசநோய்க் கிருமிகள் காணப்படவில்லை. ஆயினும் நான்கு மாதம் அந்நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்டது. நிழல்கள் சிறிதும் குறையவில்லை. பிறகு, மார்பில் ஊசி செலுத்தி, ஒரு நிழலிலிருந்து மயிரிழை போன்ற துணுக்கை எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

துணுக்கோடு வந்த சீட்டில், ‘முன்பு கண்ட நோய்கள்’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பித் தருமாறு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நெசவாளரின் தறி நாடாவைப் போல இரு முனையும் கூர்த்த உயிரணுக்கள் கற்றை கற்றையாகக் கிடப்பதைக் கண்டேன். ‘கதிர் வடிவ உயிரணுக்களைக் கொண்ட புற்று, நுரையீரலிலேயே தோன்றியதாக இருக்கலாம்’ என்று எழிதிக் கையொப்பமிட்டேன். அதன்மேல், அடுத்த திங்கட்கிழமை முதல் கடுமையான புற்றுநோய் மருந்துகளைத் தொடங்குவதென்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மையாரே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அறிக்கையின் நகல் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அதை வாங்கிக்கொண்டவர் உடனே போகவில்லை.

“ஐயா, ஒன்று கேட்கலாமா?” என்றார்.

“கேளுங்கள், அம்மா.”

“11 வருடங்களுக்கு முன் இதே ஊரில் என் தலையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். தீங்கற்ற கட்டி என்று சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?”

நான் புன்னகை செய்தேன். இன்று நினைத்தாலும் அந்தப் புன்னகைக்காக நாணுகிறேன். “தலை வேறு, மார்பு வேறு, அம்மா. மூளைக் கட்டி தலையை விட்டு வெளியே வருவதில்லை” என்றேன். அவர் வணங்கிவிட்டுச் சென்றார்.

நண்பர்களே, நான் அவ்வளவு உறுதியாக விடை கூறியதற்கு என்ன காரணம் என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். மூளைக்கும் நுரையீரலுக்கும் இடையே நோய் செல்லும் பாதை ஒன்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மேல்நோக்கியே செல்கிறது. நுரையீரலில் தோன்றிய புற்று இரத்தத்தின் வழியே மூளைக்கு ஏறுவது மிகச் சாதாரணம். வேறு உறுப்புகளிலிருந்து மூளையை வந்தடையும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி நுரையீரலிலிருந்து வந்தவையே. இதற்கு நேர்மாறான பயணம், அதாவது மூளையிலிருந்து நுரையீரலுக்கு இறங்குவது, மிக மிக அரிது.

அஃது ஏன் அரிதாயிற்று? மூளை ஒரு கோட்டைக்குள் இருக்கிறது. வெளியே எலும்பு மதில். அதற்குள்ளே டியூரா என்னும் தடித்த உறை. மூளையின் சொந்தச் சிரைகளோ மிக மெல்லிய சுவர் உடையவை. கட்டி வளர்ந்து அழுத்தும்போது அவை நசுங்கி மூடிக்கொள்கின்றன. கட்டியின் உயிரணு அவற்றினுள் நுழைவது எளிதன்று. மற்ற உறுப்புகளில் புற்று பரவுவதற்கு உதவும் நிணநீர்க் குழாய்கள் மூளைத் திசுவினுள் இல்லை. மூளையைச் சூழ்ந்த உறைகளில் அத்தகைய குழாய்கள் இருப்பது எலிகளில் 2015-ஆம் ஆண்டிலும், மனிதரில் 2017-ஆம் ஆண்டிலும்தான் தெளிவாகக் காட்டப்பட்டது. இவற்றோடு மற்றொரு துயரமான காரணமும் உண்டு. மூளைக் கட்டிகளுள் கொடியதான கிளையோபிளாஸ்டோமா தோன்றினால், இன்றைய சிறந்த சிகிச்சை கிடைத்தாலும், நோயாளிகளிற் பாதிப்பேர் ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். வேறிடத்தில் விழுந்த வித்து முளைப்பதற்கு முன்பே நிலம் மறைந்துவிடுகிறது.

ஆனால் எந்தக் கோட்டைக்கும் ஒரு வாயில் உண்டு. மண்டையோட்டின் நடுவகிட்டின் கீழே, நெற்றியிலிருந்து பிடரி வரையில், டியூரா உறையின் மடிப்புக்குள் ஓர் அகன்ற இரத்தக் கால்வாய் ஓடுகிறது. தடித்த உறை அதை இருபுறமும் இழுத்துப் பிடித்திருப்பதால், மற்றச் சிரைகளைப் போல அஃது எளிதில் நசுங்குவதில்லை. மூளையில் பயன்பட்ட இரத்தம் இதில் வந்து கூடி, கழுத்தின் பெரிய சிரைகளின் வழியே இறங்கி, இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. இதயம் அதை நேரே நுரையீரலுக்குத் தள்ளுகிறது. ஆகவே, ஒரு கட்டியின் உயிரணு அந்தக் கால்வாய்க்குள் புகுந்துவிடுமானால், அதன் வழியில் எதிர்ப்படும் முதல் வடிகட்டி நுரையீரலே. அங்குள்ள நுண்குழாய்களின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய உயிரணு அங்கே சிக்கிக்கொள்கிறது.

இனி, எந்தக் கட்டிகள் அந்த வாயிலை அடைகின்றன என்று பார்ப்போம். மூளையின் உறைகளிலிருந்து தோன்றும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். 1922-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க நாட்டு மூளை அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங். அவரும் லூயிஸ் ஐசன்ஹார்ட் அம்மையாரும் சேர்ந்து 1938-இல் இக்கட்டிகளைப் பற்றி ஒரு பெரு நூலை வெளியிட்டனர். தலைக்குள்ளே தோன்றும் கட்டிகளில் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவது இதுவே. பெரும்பாலும் மெல்ல வளரும். தீங்கற்றது என்றே வகைப்படுத்தப்படும். ஆனால் பல வேளைகளில் இதன் இருப்பிடம் அந்த இரத்தக் கால்வாயின் கரை! சில வேளைகளில் இது கால்வாயின் சுவரைத் துளைத்து உள்ளேயே வளர்வதும் உண்டு. அப்படியிருந்தும், மெனிஞ்சியோமா உடையோர் ஆயிரம் பேரில் ஒருவருக்கே, அல்லது அதனினும் குறைவானவர்க்கே, அது தலைக்கு வெளியே பரவுகிறது. பரவும்போது மிகுதியாகச் சென்றடையும் இடம் நுரையீரல்.

இதே உறைகளில் தோன்றும் மற்றொரு கட்டியை முன்பு ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா என்று அழைத்தனர். இன்று அது தனி நார்த்திசுக் கட்டி என்னும் வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. இது மெனிஞ்சியோமாவைவிட அரிதானது. ஆனால் அதனினும் மிகுதியாகப் பயணம் செய்வது. அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் இது நுரையீரலிலோ எலும்பிலோ கல்லீரலிலோ தலைகாட்டியிருக்கிறது. முன்னர்க் கூறிய கிளையோபிளாஸ்டோமாவோ, நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களிடமே தலையைவிட்டு வெளியேறுகிறது. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கோ இதயத்துக்கோ வடிப்பதற்காகப் பொருத்தப்படும் குழாயின் வழியேகூடச் சில கட்டிகள் இறங்கியுள்ளன.

இங்கே ஓர் ஐயம் எழும். அறுவைச் சிகிச்சையே வாயிலைத் திறந்துவிடுகிறதோ என்று நீங்கள் கேட்கலாம். கத்தி பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் திறக்கப்படுவதால், உயிரணுக்கள் உட்புக வழி ஏற்படலாம் என்பது மெய்யே. ஆனால் அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாதவர்களிடமும் இத்தகைய பரவல் காணப்பட்டதுண்டு. அறுவைச் சிகிச்சையால் வரும் நன்மையோ மிகப் பெரிது. ஆயிரத்தில் ஒன்றான ஆபத்துக்கு அஞ்சி அதைத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

மற்றொரு கேள்வியும் உண்டு. வித்து வந்து விழுந்தாற் போதுமா? 1889-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து அறுவை வல்லுநர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தார். அந்நோய் கல்லீரலுக்குப் பன்முறை சென்றிருந்தது. மண்ணீரலுக்கோ மிக அருகியே சென்றிருந்தது. இரண்டிற்கும் இரத்தம் பாயத்தான் செய்கிறது. ஆகவே, வித்து எங்கும் செல்லும். தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். 1928-இல் அமெரிக்க நாட்டு ஜேம்ஸ் யூயிங் இதை மறுத்து, இரத்தம் ஓடும் வழியே போதிய விளக்கம் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை மூளைக் கட்டிகளே காட்டுகின்றன. 2014-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் 141 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 29 பேரிடம் கட்டியின் உயிரணுக்கள் மிதந்து திரிவதைக் கண்டனர். ஐவரில் ஒருவரிடம் வித்து வெளியேறியிருக்கிறது. முளைப்பதோ நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவு. வழி திறந்திருக்கிறது, ஆனால் மண் இடங்கொடுப்பதில்லை. எங்கோ, யாருக்கோ, மண்ணும் இடங்கொடுத்துவிடுகிறது.

மீண்டும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வீட்டுக்குச் சென்றேன்; உணவு கொண்டேன்; படுத்தேன்; உறக்கம் வரவில்லை. ‘இருக்கலாம்’ என்று நான் எழுதிய சொல் உறுத்திற்று. ஐயத்தோடு எழுதியவன், ஐயமின்றிப் பேசிவிட்டேன். அந்த அம்மையார் கேட்டதோ, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

மறுநாள் காலை, ஆய்வுக்கூடத்தின் பழைய தகடுகள் வைக்கப்பட்டுள்ள அறைக்குச் சென்றேன். எங்கள் உதவியாளர் ஒருவர், ஓய்வு பெறும் வயதினர், ஆண்டுவாரியாக அவற்றை அடுக்கிக் காத்து வந்தவர், அரை மணி நேரத்தில் 11 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். மெழுகுக் கட்டியும் பழுதின்றி இருந்தது. அந்தத் தகட்டை ஒரு மைக்ராஸ்கோப்பிலும் புதிய தகட்டை மற்றொன்றிலும் வைத்து, மாறி மாறிப் பார்த்தேன்.

வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிகிறதல்லவா? மெனிஞ்சியோமாவின் உயிரணுக்கள் அவ்வாறே சுழல் சுழலாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் இயல்புடையன. பழைய தகட்டில் அந்தச் சுழல்கள் நிறைந்திருந்தன. புதிய தகட்டிலோ, கற்றைகளுக்கு இடையே, ஓர் ஓரத்தில், இரண்டே இரண்டு சுழல்கள். முன்பும் அவை அங்கேதான் இருந்தன. என் கண்ணும் அவற்றின்மேல் பட்டிருக்கத்தான் வேண்டும். நுரையீரலில் அவற்றை எதிர்பாராததால் நான் அவற்றைக் காணவில்லை.

கண்டது மட்டும் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென 1955-ஆம் ஆண்டில் வைஸ் என்னும் அறிஞர் நான்கு விதிகளை வகுத்தார். முதலாவது, மூளையிலோ தண்டுவடத்திலோ இன்ன வகை என்று ஐயமறத் தெரியும் ஒரு கட்டி இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, நோயின் முதல் அறிகுறிகள் அந்தக் கட்டியால் விளைந்தவையாக இருக்க வேண்டும். மூன்றாவது, உடலில் வேறெங்கும் மூலக்கட்டி இல்லை என்பது பிணப் பரிசோதனையால் முற்றும் உறுதியாக வேண்டும். நான்காவது, இரண்டு இடத்துக் கட்டிகளின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் விதியைப் பாருங்கள்! அக்காலத்தில் உண்மை தெரிவதற்குள் நோயாளி இறந்திருக்க வேண்டும். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியால் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்ட பின்னர், அந்த நிலை மாறத் தொடங்கிற்று. இன்று உயிரோடிருப்பவரின் உடல் முழுவதையும் ஸ்கேன் படங்களால் துருவிப் பார்க்கலாம். உயிரணுக்களின் புரதங்களுக்கு நிறமேற்றி, அவற்றின் பிறப்பிடத்தையும் பெரும்பாலும் அறியலாம். மெனிஞ்சியோமா பலவற்றில் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஏற்கும் புரதம் காணப்படும். தனி நார்த்திசுக் கட்டியிலோ இரண்டு மரபணுக்கள் தவறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இது 2013-இல் கண்டறியப்பட்டது.

நான் உடனே அந்த அம்மையாரின் மருத்துவருக்குத் தொலைபேசியில் செய்தி கூறினேன். “என் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், திங்கட்கிழமை மருந்தைத் தொடங்காதீர்கள்” என்றேன். அவ்வாறு கூறுவதற்கு நா எழவில்லை, ஆயினும் கூறினேன். நிறமேற்றும் சோதனைகள் முடிந்தன. இரண்டு தகடுகளும் ஒரே விடையைத் தந்தன. உடலில் வேறெங்கும் கட்டி இல்லை. 11 ஆண்டுகளுக்கு முன் தலையில் தோன்றிய அதே மெனிஞ்சியோமாதான் நுரையீரலில் தங்கி, பல்லாண்டு உறங்கி, மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது.

இதனால் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். பெயர் மாறினால் சிகிச்சை மாறுகிறது. நுரையீரல் புற்றுக்கென வகுத்த கடுமையான மருந்துகளால் அவருக்குத் துன்பமே மிஞ்சியிருக்கும். மெதுவாக வளரும் இத்தகைய கட்டி, எண்ணிக்கையிற் குறைந்திருந்தால், அறுத்தெடுக்கத் தக்கது. அவருக்கு வலப்பக்கத்து இரு கட்டிகளும் எடுக்கப்பட்டன. இடப்பக்கத்தில் ஆழத்தில் இருந்த சிறியதைத் தொடாமல், ஆண்டுதோறும் படம் எடுத்துக் கண்காணித்து வந்தனர். அவர் பள்ளிக்குத் திரும்பினார். பணியாற்றி ஓய்வும் பெற்றார்.

நலம் பெற்றபின் ஒரு நாள் அவர் என்னைக் காண வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நானும் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குச் சில சமயம் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன், ஐயா. இனிமேல் யோசித்துச் சொல்கிறேன்” என்றார். அவர் கூறியது ஆறுதலா, கண்டிப்பா என்பதை நான் இன்றுவரை அறியேன். இரண்டும் எனக்கு வேண்டியவையே.

மாணவ நண்பர்களே, இந்தப் பேச்சைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. இருமல் வந்தவர்க்கெல்லாம் மூளைக் கட்டி இல்லை. மூளைக் கட்டி நீங்கியவர்க்கெல்லாம் அது நுரையீரலில் முளைப்பதும் இல்லை. ஆயினும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவருக்கேனும் என்றேனும் கட்டி எடுக்கப்பட்டிருந்தால், அந்த மருத்துவமனைச் சீட்டைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். எத்தனை ஆண்டு கழிந்தாலும், வேறொரு நோய்க்காக மருத்துவரிடம் செல்லும்போது, கேளாவிட்டாலும் அதைக் கூறுங்கள். உங்களுள் எதிர்காலத்தில் மருத்துவர் ஆகப்போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல். சீட்டில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பிய பின்னரே பேனாவை எடுங்கள். நோயாளி ஒரு கேள்வி கேட்டால், புன்னகை செய்வதற்கு முன் ஒரு முறை பழைய தகட்டை எடுத்துப் பாருங்கள்.